கரையைக் கடக்கும் என்றார்கள்

கோவில்பட்டியில் குடை விற்றுப் பிழைத்தவன் நான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் வானத்தைப் பார்ப்பார்கள். வருஷத்தில் பத்து மாசம் துடைத்துக் கவிழ்த்த சட்டி மாதிரி வானம் இருக்கிற ஊரில் குடைக்கடை வைத்தவனை என்னவென்று எடுத்துக்கொள்வது? வெயிலுக்கும் குடைதானே என்று நான் வாதம் பண்ணுவேன். கரிசல்காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரிக்கு வெயிலுக்குத் தலைத்துண்டு போதும் என்பது கடை திறந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பூட்டு, டார்ச்லைட், பாட்டரி செல் எல்லாம் வாங்கி முன்னால் அடுக்கிக் குடைகளைப் பின்னால் தள்ளினேன்.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஒரு கார்த்திகை மாதம். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பருத்திச் செடிகள் காதைத் தொங்கப்போட்டு நின்றன. எங்கள் கடைக்கு அடுத்தாற்போல ஒரு காப்பிக் கிளப். அதில் ஒரு ரேடியோ. சாயங்காலச் செய்திக்கு முன்பே பசுவந்தனைப் பக்கத்துச் சம்சாரிகள் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிரதம மந்திரி என்ன சொன்னார், சீனாக்காரன் என்ன சொன்னான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. கடைசியில் வருகிற வானிலைக்காகக் காத்திருப்பார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், கல்யாணச் சேதி வந்த வீடு மாதிரி ஆகிவிடும் கிளப்.

அன்றைக்குத் தாழ்வு என்று சொல்லவில்லை. புயல் என்றே சொன்னார்கள். நாளைப் பிற்பகல் வாக்கில் தூத்துக்குடிக்கு வடக்கே கரையைக் கடக்கும் என்றார்கள்.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் கிளப்பில் ஒரு பெருமூச்சு. பசுவந்தனைச் சம்சாரி ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் பத்திரிகை படிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

“கடக்கும்னா என்ன பாய்? வருமா, வராதா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். என்னிடம் யாராவது சந்தேகம் கேட்டால் பதில் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“அண்ணாச்சி, குமாரபுரம் மாதிரி சின்ன ஸ்டேஷன்ல நின்னுருக்கீங்களா? எக்ஸ்பிரஸ் வரும். நிக்குமா? நீங்க வேட்டிய அவுத்து ஆட்டினாலும் நிக்காது. கடந்து போயிரும். அதான் இது. கரைக்கு வரும், ஒரு ஊதல் ஊதும், அப்படியே கடந்து போயிரும்.”

“அப்ப மழை?”

“தூசி வேணும்னா கிடைக்கும்.”

கிளப்பே சிரித்தது. கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. “நம்ம தலையெழுத்து, புயலு கூட நம்ம ஊருல நிக்க மாட்டேங்கு” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருகிற சம்பந்தத்தையெல்லாம் கேலி பேசியே விரட்டிவிட்டு, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில்தான் கல்யாணம் பண்ணினேன். பெண் கடற்கரை ஊர். வைப்பாருக்குப் பக்கத்தில், நூறு வீடு இருக்கும். மாமனாருக்கு ஒரு மீன்பிடி வள்ளத்தில் பங்கு உண்டு. அந்தக் கார்த்திகையில் அவள் ஏழு மாசம். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் என்று மாமி வந்து அழைத்துப்போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு பனையும் ஒரு மணல்மேடும்தான் உண்டு.

மாமி மேகத்தைக் கண்டாலே நடுங்குகிறவள். அந்த ஊரில் ரேடியோ கிடையாது. யாராவது அரைகுறையாகச் சேதி கொண்டுபோய், பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டைவண்டியில் தூக்கிப்போட்டு மேட்டிலும் பள்ளத்திலும் அடித்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? டவுனில் இருக்கிற மருமகன், ரேடியோ கேட்கிறவன், நாலு விஷயம் தெரிந்தவன், ஒரு தந்தி அடித்துத் தைரியம் சொல்ல வேண்டாமா?

தந்தி ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் எட்டயபுரம் பக்கத்துக்காரர். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பவர். தந்தியை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

“கரையைக் கடக்கும்னா எப்படிப் போட?”

“கடந்து போயிரும்னு போடுங்க.”

“அப்ப பாஸிங். சைக்ளோன் பாஸிங். நோ ஃபியர். ஸ்டே தேர்.”

புயல் கடந்து போகிறது, பயம் வேண்டாம், அங்கேயே இருங்கள். வாசித்துக் காட்டினார். எனக்குக் கவர்மென்ட் உத்தரவு மாதிரி கம்பீரமாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கடை திறந்தபோது காற்று வடக்கே இருந்து வந்துகொண்டிருந்தது. மழை இல்லை. வானம் மட்டும் ஈயம் பூசின மாதிரி ஒரே நிறம். ஓட்டப்பிடாரம் பஸ் ஓட்டுகிற டிரைவர் பாட்டரி செல் வாங்க வந்தார். மாமி என் மனைவியை அழைத்துப்போனது இவர் பஸ்ஸில்தான். இளவயதில் தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். உப்புக் காற்றில் வெந்த முகம்.

“என்ன பாய், வீட்டுல அவியள மேட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சா?”

“எதுக்கு அண்ணாச்சி? அதுதான் கடந்து போயிருமே.”

செல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைத் திரும்பக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். 

“கடக்கும்னா என்னன்னு நினைச்சீரு?”

“தாண்டிப் போயிரும்னு.”

“எதைத் தாண்டி?”

“கரையை.”

“கடல்ல இருக்குத ஒண்ணு கரையைத் தாண்டினா எங்கவே போவும்?”

நான் விரலைக் கிழக்கே நீட்டினேன், அப்படியே மேற்கே திருப்பினேன்; அது எங்களுக்கு நேரே வந்து நின்றது. 

“கடல்ல தோணியில இருக்குதவனுக்குத்தான்வே அது கடந்து போறது. அவன் தப்பிச்சான். கரையில இருக்குதவனுக்கு அது வீட்டுக்குள்ள வாறது. கரையைக் கடக்குத இடத்துலதான் அதுக்குப் பல்லே இருக்கு. மத்தியானம்னுதானே சொன்னான்?”

யார் அந்த வாக்கியத்தை எழுதினாரோ, அவர் கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறார். நான் கண்மாய் கூட நிறையாத ஊரில் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். இது இப்போது யோசித்துச் சொல்வது. அப்போது யோசிக்கவெல்லாம் இல்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். என் செருப்பைக் காணவில்லை என்று தேடினேன்; காலில்தான் கிடந்தது.

தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். “நேத்து அனுப்பினதை நிறுத்துங்க” என்றேன்.

“அது ராத்திரியே போயிட்டு பாய். காலையிலயே வீட்டுல கொடுத்திருப்பாங்க.”

“அப்ப இன்னொண்ணு அனுப்புங்க. ஓடுங்கன்னு போடுங்க. நோ ஸ்டே. நோ தேர். யெஸ் ஃபியர்.”

அவர் தந்திக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். “கிழக்க லைன் செத்துட்டு” என்றார்.

தப்பான சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. சரியான சேதிக்குப் பாதை இல்லை. மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். கடைக்கு ஓடிவந்து, புயலை எதிர்கொள்ள என்னென்ன தேவை என்று நினைத்தேனோ அதையெல்லாம் எடுத்தேன். மூன்று புதுக்குடைகள், எனக்கொன்று, அவளுக்கொன்று, மாமிக்கொன்று. பட்டப்பகலில் ஒரு டார்ச்லைட். அதோடு ஒரு திண்டுக்கல் பூட்டு. எதைப் பூட்டப் போனேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு ஓடினேன். டிரைவர் என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், தனக்குப் பக்கத்து சீட்டைக் காட்டினார்.

பசுவந்தனை தாண்டும்போது முதல் தூற்றல். பஸ்ஸுக்குள் இருந்த சம்சாரிகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை உள்ளங்கையில் ஏந்தின மழையைப் பக்கத்தில் இருந்தவள் முகத்தில் விசிறிச் சிரித்தாள். “பெய்யட்டும் தாயி, கொட்டட்டும்” என்றார் ஒருவர். நான் குடைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பெய்யாதே, பெய்யாதே என்று உதட்டுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். குடைக்கடைக்காரன் மழையே வேண்டாம் என்று துஆ கேட்ட ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஓட்டப்பிடாரத்தில் பஸ் நின்றுவிட்டது. கிழக்கே போகிற ரோட்டில் ஓடைத் தண்ணீர் குறுக்கே விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

“இனிமே வண்டி போவாது. நீரும் போவாதீரும்” என்றார் டிரைவர். “அங்கன உள்ள சனம் கடலைப் பார்த்தே தெரிஞ்சுக்கிடும். இந்நேரம் கிளம்பியிருக்கும்.”

“இருங்கன்னு நான் தந்தி அடிச்சிட்டேன் அண்ணாச்சி.”

அவர் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். “அப்ப நீரு போவும்வே” என்றார்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர். ஒரு கயிற்றைக் கட்டி ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். நானும் கடந்தேன். அக்கரை ஏறினதும் ஒரு குடையை விரித்தேன். விரித்தது ஞாபகம் இருக்கிறது. மறு நிமிஷம் என் கையில் இருந்தது, செத்த வௌவாலைக் காலைப் பிடித்துத் தூக்கின மாதிரி ஒரு சாமான். இரண்டாவதை விரிக்கவே இல்லை, அது தானாக விரிந்து பருத்திக்காட்டுக்கு மேலே பறந்து போனது. மூன்றாவது ஓடையிலேயே போய்விட்டிருந்தது. நல்ல சரக்கு என்று எத்தனை பேரிடம் சத்தியம் பண்ணி விற்றிருக்கிறேன்!

நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு அடி வைத்தால் செருப்பில் ஒரு அடை மண் அப்பும். அடுத்த அடிக்கு அந்த அடையில் இன்னொரு அடை. நூறு எட்டு போவதற்குள் நான் ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட்டேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். காலில் நேரடியாக ஒட்டியது. கிழக்கே ஒரு எட்டு வைத்தால் காற்று அரை எட்டு மேற்கே தள்ளியது. மணி என்ன என்று தெரியவில்லை. மத்தியானம் என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

எதிரே சனம் வர ஆரம்பித்தது. கோழிகளைக் கவிழ்த்துப் பிடித்தவர்கள், தலையில் அண்டா வைத்தவர்கள், ஒரு கிழவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள். எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்கள்: “ஏன்வே அங்கன போறீரு? எல்லாரும் இங்கன வாறோம்லா?” நான் ஒவ்வொருவரிடமும் என் மாமனார் ஊர் பேரைச் சொல்லிக் கேட்டேன். “அந்த ஊருல யாரும் கிளம்பினாகளா?” ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. 

அப்போதுதான் ஒப்பாரி கேட்டது.

காற்றில் விட்டுவிட்டு வந்தது. ஒரு கட்டைவண்டி, மேலே பாய் வளைத்துக் கட்டியிருந்தது. சக்கரம் முழுக்கக் கரிசல் அப்பி, இரண்டு ஆட்டுக்கல் உருண்டு வருகிற மாதிரி வந்தது. வண்டிக்காரர் இறங்கிக் கம்பால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து மாமியின் குரல்.

“என் தங்க மாப்பிள்ளையே! சிரிச்ச முகம் மாறாதவியளே! ஒரு சொல்லு கடிஞ்சு பேசாதவியளே! புள்ள முகம் பாக்கும் முன்னால போயிட்டியளே!”

அது யார் என்று முதலில் யோசித்தேன். மாமிக்கு ஒரே மாப்பிள்ளை. ஆக, இறந்துபோனவன் நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே ஓடிப்போய் நான் இருக்கிறேன் என்று கத்தியிருக்க வேண்டும். இரண்டு மூச்சு நேரம் நின்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து மாமி என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இதோடு முடித்துவிடுவாளா, இன்னும் இருக்கிறதா என்று ஒரு ஆசை.

“மாமி” என்றேன்.

பாய்க்குள் இருந்து மாமி எட்டிப் பார்த்தாள். மண் பூசின உடம்பு, கையில் கிழிந்த குடை, இடுப்பில் பூட்டு. அவள் போட்ட சத்தத்தில் மாடுகள் இரண்டும் மிரண்டன. அவளுக்குப் பின்னாலிருந்து என் மனைவி தலையை நீட்டினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கி வந்தாள். என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த குடைக் கம்பியைப் பிடுங்கி என் முதுகிலேயே போட்டாள். “தந்தி அடிச்சு எங்களைக் கொன்னுட்டு இங்கன நிக்குதியளே! ஏன் அடிச்சிய? ஏன் அடிச்சிய?”

அடிக்கு நடுவே விஷயம் வெளியே வந்தது. விடிந்ததும் தந்தி வந்திருக்கிறது. அந்த ஊருக்கு அதுவரைக்கும் வந்த தந்தியெல்லாம் சாவுத் தந்திதான். தந்திச் சேவகர் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருந்தது இங்கிலீஷ், யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வாசிக்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. கோவில்பட்டியில் இருந்து தந்தி என்றால் மாப்பிள்ளை மவுத்து. வண்டியைப் பூட்டு என்று கிளம்பிவிட்டார்கள். நான் எழுதின வார்த்தையை வாசித்திருந்தால் அங்கேயே இருந்திருப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடியை வாங்கிக்கொண்டே சிரித்தேன். மாமியும் அழுகையோடு சிரித்தாள். அப்போதுதான் வண்டிக்குள் பார்த்தேன். பாய்க்கு உள்ளே வேறு யாரும் இல்லை.

“மாமா எங்க?”

“அவிய வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துப் போட்டுட்டுப் பின்னாலயே வாரேன்னாக” என்றாள் மாமி. “தந்தியையும் மடியில வச்சிக்கிட்டாக. பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கண்டா வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுதேன், மாப்ள மையத்து எப்ப எடுக்காகன்னு தெரியணும்லான்னாக.”

என் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வண்டிக்காரர் நிற்க விடவில்லை. காற்று திரும்பிக்கொண்டிருக்கிறது, இனிமேல் பாய் தாங்காது என்றார். ரோட்டோரத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கி இருந்தது. கல் சுவர், தகரக் கூரை. அதற்குள் ஏற்கனவே முப்பது நாற்பது பேர் அடைந்திருந்தார்கள். நாங்களும் போய்ப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கினோம். கொஞ்ச நேரத்தில் அது வந்தது.

சத்தத்தைப் பற்றி என்ன சொல்ல? எக்ஸ்பிரஸ் என்று முந்தின நாள் சொன்னேன் அல்லவா, அது ஒன்றுதான் நான் சரியாகச் சொன்னது. ஆனால் இந்த வண்டி கடந்து போகவில்லை. எங்கள் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் ஒன்று ஆணியோடு பிய்ந்து போனது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. பிறகு இன்னொரு தகரம். இங்கேயே இப்படி என்றால் மணல்மேட்டுக்குப் பின்னால் எப்படி இருக்கும் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.  மாமி ஓதிக்கொண்டே இருந்தாள்.

என் மனைவி என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

“தந்தியில என்ன எழுதியிருந்திய?”

“ஒண்ணுமில்ல. நலம் விசாரிச்சு.”

“நலம் விசாரிக்கத் தந்தி அடிப்பாகளா?”

வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். உன்னைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று எழுதினேன் என்றேன். அவள் முகம் மாறவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாப்பாவின் மடியில் இருக்கிற காகிதத்தைத்தான் என் முகத்தில் வாசிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“புயல் கடந்து போயிரும், பயப்பட வேண்டாம், அங்கேயே இருங்கன்னு எழுதினேன்” என்றேன்.

காற்று இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று ஒரு நப்பாசை. கேட்டுவிட்டது. அடிப்பாள் என்று முதுகை வளைத்துக் காத்திருந்தேன். அடிக்கவில்லை.  இரண்டு மூட்டை தள்ளிப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். 

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், நாலெழுத்து படிக்க வையுங்கள் என்று எல்லோருக்கும் உபதேசம் பண்ணினவன் நான். அன்றைக்கு அந்தக் கிட்டங்கியில் உட்கார்ந்து, யா அல்லா, அந்த வாத்தியார் ஊரில் இருக்கக் கூடாது, இருந்தாலும் அவருக்கு இங்கிலீஷ் மறந்துபோயிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது காற்று விட்டிருந்தது. மனைவியையும் மாமியையும் அங்கேயே இருக்கச் சொன்னேன். மாமி இருந்தாள். என் மனைவி எழுந்து எனக்கு முன்னால் நடந்தாள். “நீ வரக் கூடாது” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் பரிதாபப்பட்டு மாட்டைப் பூட்டினார். அவள் வண்டியில், நான் வண்டிக்குப் பின்னால்.

கடல் நெருங்க நெருங்கப் பனைகள் எல்லாம் ஒரே திசைக்குத் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. உடைமுள் மரங்களில் வலை தொங்கியது. காட்டில் தேங்கின தண்ணீரை வண்டிக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “உப்பு” என்றார். கடலுக்கு இன்னும் ஒன்றரை மைல் இருந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊர் இருந்த இடத்தில் மணல் இருந்தது. வீடுகளின் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. முழுசாக நின்றது பள்ளிவாசல் மட்டும். கல் கட்டடம், மேலே மச்சு. அதன் படியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் சட்டை இல்லாமல், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு இருந்தார். சாக்கை விலக்கி எங்களைப் பார்த்தார்.

“வாப்பா!” என்று அவள் கத்தின சத்தம் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. வண்டியில் இருந்து இறங்கினவள் அவர் காலடியில் மணலிலேயே உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

மாமனார் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “வாங்க மாப்ள. மவுத்தாகி எந்திரிச்சு வந்த ஆளை இப்பத்தான் பாக்கேன்” என்றார். 

வாத்தியார் ஊரில்தான் இருந்திருக்கிறார். அவருக்கு இங்கிலீஷும் மறக்கவில்லை. கணீரென்று வாசித்து அர்த்தமும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்றதும் மாமனாருக்கு வந்த சந்தோஷத்தில், பாதி இழுத்த வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லோருக்கும் சேதி சொல்லப் போயிருக்கிறார்; வண்டி அதற்குள் எட்டாத தூரம் போயிருந்தது. கடல் நிறம் சரியில்லை, கிளம்புவோம் என்று மூட்டை கட்டின வீடுகள் மூட்டையை அவிழ்த்திருக்கின்றன. கோவில்பட்டிக்காரர் ரேடியோ கேட்டுத் தந்தியே அடித்திருக்கிறார், அதற்கு மேல் என்ன? தண்ணீர் மணல்மேட்டைத் தாண்டினபோது ஓடுவதற்கு நேரம் இல்லை. வாத்தியார் உட்பட எல்லோரும் பள்ளிவாசல் மச்சில் ஏறியிருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களை வேட்டியில் கட்டி மேலே தூக்கியிருக்கிறார்கள். மத்தியானத்திலிருந்து விடியும் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். தலையை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு தலை குறையவில்லை. வேறு எதுவும் மிச்சம் இல்லை.

மாமனார் பேசிக்கொண்டிருக்கும்போது உடைமரக்காட்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வள்ளத்தில் மாமனாரின் கூட்டாளி, பக்கத்து வீட்டுக்காரர். பெரும்பங்கு அவருடையதுதான். தோளில் ஒரு உடைந்த பலகை. அதைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தத் தந்தி அடிச்ச ஆளு இவியதானா?”

 மாமனார் எனக்கு முன்னால் பேசினார்.

“இவிய என்ன செய்வாக? ரேடியோக்காரன் சொன்னதை அப்படியே அனுப்பியிருக்காக. ரேடியோவுலதான் தப்பாச் சொல்லிட்டான்.”

நல்ல இடைவெளி. அதற்குள் நான் நுழைந்து படுத்துக்கொள்ளலாம். ஊர் பூராவும் நம்பும். என் மனைவி தகப்பனின் முழங்காலில் இருந்து முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நேற்று கிட்டங்கியில் சுவர்ப் பக்கம் திரும்பினதற்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தாள்.

“இல்லண்ணாச்சி” என்றேன். “ரேடியோவுல சரியாத்தான் சொன்னான். கரையைக் கடக்கும்னு சொன்னான். எனக்கு அர்த்தம் தெரியல. யார்ட்டயும் கேக்கவும் இல்ல. நானா ஒரு அர்த்தம் போட்டு அனுப்பிட்டேன்.”

 கூட்டாளி ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அந்த வார்த்தை எங்களுக்கும் தெரியாது” என்றார் அவர். “காத்து ஏறுது, கடல் ஏறுதுன்னுதான் நாங்க சொல்லுவோம். ஏறுதுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தியன்னா ஓடியிருப்போம்.” பலகையைக் காலால் புரட்டினார். “வள்ளம் நாலு துண்டாக் கிடக்கு, உடங்காட்டுக்குள்ள. ஒரு துண்டை என்னால ஒத்தையாத் தூக்க முடியல.”

 இந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் எப்போதும் ஒரு கேலி வார்த்தை இருக்கும். அன்றைக்குத் தேடினேன், கிடைக்கவில்லை.

“வாரியளா?” என்றார்.

போனேன். உடைமுள் காலில் ஏறியது. முன்பக்கம் அவர் பிடித்தார். பின்பக்கத்தை நான் பிடித்தேன். குடைக்கம்பியைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழகாத கை. இருபது எட்டில் கீழே போட்டுவிட்டேன்.

“மெதுவா” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “இன்னும் மூணு துண்டு கிடக்கு.”

குனிந்து மறுபடியும் பிடித்தேன்.